கொட்டகையில் பிறந்த மென்பொருள்

எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் ஒரு பட்டிமன்றம் நடக்கும். நடுவர் இல்லாத பட்டிமன்றம். விண்டோஸ் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா என்பதே பொருள். தட்டில் கை காய்ந்து போகும்; வாதம் மட்டும் ஓயாது.

சென்ற பருவத்தில் அத்தகைய இரவொன்றில் நான் ஒரு தவறு செய்தேன். கீழ் வகுப்புத் தம்பி ஒருவன், ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சோதனையைப் பாதியில் விட மனமில்லாமல், ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் இருந்துவிட்டான். அவனைக் கேலி செய்ய எனக்கு அகப்பட்டது காரி கில்டாலின் கதை. ஐ.பி.எம். என்னும் பெரு நிறுவனம் வீடு தேடி வந்த நாளில் அந்த மனிதர் விமானம் ஓட்டி விளையாடப் போய்விட்டாராம். அந்த ஒரே நாளில் உலகப் பெருஞ்செல்வராகும் வாய்ப்பைப் பில் கேட்சிடம் பறிகொடுத்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, சொன்ன கதையைச் சரிபார்ப்போமே என்று உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்கு நாணம் மேலிட்டது. கில்டால் வாழ்ந்த வாழ்க்கை வேறு. நான் சொன்ன கதை வேறு. ஆகவே இதை எழுதுகிறேன்.

காரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மாலுமிகளுக்குக் கடல்வழி கணிக்கக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தது. தாத்தா தொடங்கிய பள்ளி அது. இளமையில் காரி பெரிய படிப்பாளி அல்லர். கணித ஆசிரியராக வேண்டும் என்று எண்ணி வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிப்பொறியைக் கண்டார். அதன் பிறகு வேறொன்றும் அவர் கண்ணுக்குப் படவில்லை. வியட்நாம் போர்க் காலம் அது. கட்டாய இராணுவப் பணிக்கு ஈடாகக் கலிபோர்னியா மாநிலம் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். நிரல்களைச் செம்மைப்படுத்தும் முறை பற்றி 1973-ல் அவர் வெளியிட்ட ஆய்வுரை இன்றும் நம் கணிப்பொறித் துறையினரின் பாடத்தில் இருக்கிறது. வணிகத்தில் கோட்டைவிட்டவர் என்று மட்டுமே அவரை அறிந்திருந்த எனக்கு இது முதல் அடி.

1971-ன் இறுதியில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. 25 டாலருக்கு ஒரு கணிப்பொறி என்ற விளம்பரம் கில்டாலின் கண்ணில் பட்டது. வாங்கினார். நகத்தளவுச் சில்லு கைக்கு வந்தது. ஆனால் அதைச் சுற்றி இருக்க வேண்டிய கருவிகள் எவையும் இல்லை. அவர் என்ன செய்தார்? பள்ளியின் பெரிய கணிப்பொறியில், அந்தச் சிறு சில்லைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதி, அதில் சோதனை செய்யலானார். இன்டெல் நிறுவனம் அவரை ஆலோசகராக்கிக் கொண்டது. நுண்செயலிகளுக்கு நிரல் எழுதுவதற்கென்றே பி.எல்.எம். என்னும் மொழியை 1973-ல் ஆக்கித் தந்தார்.

மொழி கிடைத்துவிட்டது, எழுதியதைச் சேமித்து வைக்க இடம்? அக்காலத்தில் துளையிட்ட காகித நாடாவே கதி. ஷுகார்ட் நிறுவனத்தின் வட்டு இயக்கி ஒன்று கில்டாலிடம் வந்து சேர்ந்தது. எட்டு அங்குல நெகிழ்வட்டு. சுமார் இரண்டரை இலட்சம் எழுத்துகளைத் தாங்கும். அதைச் சில்லோடு இணைக்கும் மின்சுற்று அவருக்குக் கைவரவில்லை. மென்பொருளில் மன்னர், சூட்டுக்கோல் பிடிப்பதில் நம்மைப் போலத்தான்! பல்கலைக் கழக நண்பர் ஜான் டொரோடி அதைச் செய்து கொடுத்தார். 1974-ஆம் ஆண்டு, பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், கில்டாலின் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் வட்டு சுழன்றது. அவர் எழுதிய இயக்க முறைமை விடை சொன்னது. அதுவே சிபி-எம். பெயரைக் கேட்டதும் நம் நாட்டுக் கட்சி ஒன்று நினைவுக்கு வரலாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

இன்டெல் நிறுவனம் அதை வேண்டாம் என்றது. கில்டாலும் மனைவி டோரதியும் தாமே நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் அதற்கு அண்டங்களுக்கிடையிலான டிஜிட்டல் ரிசர்ச் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பிறகு வெறும் டிஜிட்டல் ரிசர்ச் ஆயிற்று. கணிப்பொறி ஆர்வலர்கள் படிக்கும் இதழில் விளம்பரம் வந்தது. விலை 70 டாலர்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1975-ல் அல்டேர் என்னும் கணிப்பொறி உதிரிப் பாகங்களாக விற்பனைக்கு வந்த பின், வீட்டு மேசையில் தாமே கணிப்பொறி கட்டுவோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். ஆனால் ஒருவர் கட்டிய பொறி போல் இன்னொருவருடையது இராது. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இம்சாய் என்னும் நிறுவனம் வட்டு இயக்கிகளை விற்றுவிட்டு, அவற்றை ஓட்டும் மென்பொருள் இல்லாமல் தவித்தது. அதற்காகச் சிபி-எம்மை மாற்றி எழுதும்போது கில்டாலுக்கு ஒரு யோசனை உதித்தது. பொறிக்குப் பொறி மாறும் பகுதிகளையெல்லாம் பிரித்து ஒரு சிறு பெட்டியில் போட்டு மூடினால் என்ன? விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தை வாங்குவது, திரையில் ஓர் எழுத்தைப் போடுவது, வட்டின் ஒரு துண்டைப் படிப்பது ஆகிய அடிப்படை வேலைகள் மட்டும் அதற்குள். பயாஸ் என்று அதற்குப் பெயரிட்டார். எஞ்சியதெல்லாம் எந்தப் பொறியிலும் அப்படியே நிற்கும். தன் பொறிக்கு ஏற்ற பயாஸை ஆர்வலர் ஒருவர் தாமே எழுதிக்கொண்டால் போதும். பிறர் எழுதிய நிரல்கள் அனைத்தும் அவர் வீட்டில் ஓடும்.

என் மதிப்பில் கில்டால் செய்தவற்றுள் மிகப் பெரியது இதுவே. வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற நிரல்கள் ஊர் ஊராகப் பரவியதற்கு இந்தச் சிறு பெட்டியே வழி. 1981 வாக்கில் ஏறத்தாழ 3000 வகைக் கணிப்பொறிகள் சிபி-எம்மில் ஓடின.

இம்சாய் 1977-ல் 25,000 டாலரை ஒரே தொகையாகக் கொடுத்து உரிமம் பெற்றது. எத்தனை படி விற்றாலும் அவ்வளவுதான். நினைவில் வையுங்கள், இது பின்னால் வரும்.

இனி அந்த விமானக் கதை. 1980-ல் ஐ.பி.எம். சிறு கணிப்பொறி ஒன்றை விரைந்து செய்ய முடிவெடுத்து, இயக்க முறைமை தேடிப் பசிபிக் குரோவுக்கு வந்தது. வழி காட்டி அனுப்பியவரே கேட்ஸ்தான்! அன்று காலை கில்டால் தம் விமானத்தில் சென்றது உண்மை. ஆனால் விளையாட அன்று. முன்பே ஒப்புக்கொண்ட வணிகச் சந்திப்புக்கு. உரிமப் பேச்சுகளை வழக்கமாக நடத்துபவர் டோரதியே. அவரும் வழக்கறிஞரும், ஐ.பி.எம். நீட்டிய இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கினர். பிற்பகலில் கில்டால் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டதாக அவரே பின்னாளில் கூறினார், ஐ.பி.எம். பக்கத்தார் சிலர் அதை மறுத்தனர். பேச்சு முறிந்தது பணத்தில். ஐ.பி.எம். ஒரே தொகையாகக் கொடுக்க விரும்பியது. கில்டால் படிக்கு இவ்வளவு என்று கேட்டார். இம்சாயிடம் பெற்ற பாடம் அவர் மனத்தில் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவர் பக்கத்திலும் பிழை உண்டு; அதை மறைக்கலாகாது. இன்டெல்லின் 8086 சில்லு 1978-லேயே வந்துவிட்டது. அதற்கான சிபி-எம் காலந்தாழ்ந்தது. காத்திருந்து சலித்த சியாட்டில் நகரத்துப் பொறியாளர் டிம் பேட்டர்சன், 1980-ல் தாமே ஓர் இயக்க முறைமை எழுதினார். சிபி-எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நிரல்கள் அதை அழைக்கும் முறையைச் சிபி-எம்மைப் பின்பற்றியே அமைத்தார். நிரல் வரிகளைப் பார்த்து எழுதவில்லை என்றார். மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டு 12-ல் ஐ.பி.எம். கணிப்பொறி வெளியாயிற்று. கில்டால் எதிர்ப்புத் தெரிவிக்கவே, சிபி-எம்மையும் விற்க ஐ.பி.எம். இசைந்தது. கடையில் இரண்டும் வைக்கப்பட்டன. டாஸ் 40 டாலர். சிபி-எம் 240 டாலர்.

அக்கால ஆர்வலர் மன்றங்களில் இவ்விரண்டையும் பற்றி எத்தனை சண்டை! எங்கள் விடுதிச் சண்டை அதன் பேரப்பிள்ளை. சிபி-எம்மில் பிப் என்னும் கட்டளையால் கோப்பைப் படியெடுக்கும்போது, போய்ச் சேரும் இடத்தை முதலிலும் எடுக்கும் இடத்தைப் பின்னும் எழுத வேண்டும். இது தலைகீழ் என்று டாஸ் கட்சியார் நகைத்தனர். வட்டை மாற்றிவிட்டுச் சொல்ல மறந்தால் சிபி-எம் முறைத்துக்கொள்ளும். கோப்பின் நாளைக் குறித்து வைக்காது. அதன் அளவையும் 128 எழுத்துக் கட்டுகளாகவே எண்ணும். இவற்றிலெல்லாம் டாஸ் மேல்தான். ஆனால் டாஸ் ஒரு வேளையில் ஒரு நிரலை மட்டுமே ஓட்டிய நாட்களில், பல நிரல்களை உடன் ஓட்டும் சிபி-எம்மைக் கில்டாலின் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது. பலர் ஒரே பொறியைப் பகிரும் எம்பி-எம் 1979-லேயே வந்தது. தராசில் வைத்தால் முள் இப்படியும் அப்படியும் ஆடும். ஆனால் கடைக்கு வந்தவன் தராசு கொண்டு வரவில்லை. பணப்பையைக் கொண்டு வந்தான்.

அதன்பின் கில்டால் சும்மா இருந்தாரா? 1983 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் கணிப்பொறி நிகழ்ச்சியின் இணை நடத்துநராகத் தோன்றினார். பழைய ஒளிப்பதிவுகளில், போட்டியாளரின் பொருளைக்கூடக் குழந்தை ஆர்வத்தோடு அவர் பார்ப்பதைக் காணலாம். ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் 1985-ல் ஒற்றைக் குறுவட்டில் அடக்கினார். அவர் நிறுவனத்தின் டிஆர்-டாஸ், டாஸையே அதன் களத்தில் எதிர்த்து நின்றது. 1991-ல் நிறுவனத்தை நோவெல்லுக்கு விற்றார். வறுமையில் வாடியவர் அல்லர், செல்வர்தான். அவரை அரித்தது வேறு. 1992-ல் அவர் பயின்ற பல்கலைக் கழகத்துக் கணிப்பொறித் துறை வெள்ளி விழாக் கொண்டாடியபோது, தலைமைப் பேச்சாளராக அழைக்கப்பட்டவர் பில் கேட்ஸ். அங்கே டாக்டர் பட்டம் பெற்றவர் கில்டால்! தம் நினைவுகளை எழுதி நண்பர்கள் சிலருக்கு மட்டும் படி கொடுத்தார். அதன் ஒரு பகுதி 2016-ல்தான் உலகின் பார்வைக்கு வந்தது. இறுதி ஆண்டுகளில் மதுப்பழக்கம் அவரை வாட்டியதைக் குடும்பத்தாரே ஒப்புக்கொண்டனர். 1994 ஜூலையில் மான்டரே மதுக்கடை ஒன்றில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து, 11-ஆம் நாள் மறைந்தார். வயது 52.

2014-ல் அவருடைய பழைய அலுவலகத்தின் முன் பொறியாளர் சங்கம் ஒரு நினைவுப் பலகை பதித்தது. அதே ஆண்டு சிபி-எம்மின் பழைய மூல நிரல்களைக் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. விண்டோஸில் வட்டை ஒரு தனி எழுத்தால் அழைக்கிறோமே, அந்த வழக்கமும் சிபி-எம் வழியாக வந்ததே.

சென்ற மாதம் பழைய பொறியைப் போல நடிக்கும் நிரல் ஒன்றை என் மடிக்கணினியில் ஏற்றிச் சிபி-எம்மை ஓடவிட்டேன். கரிய திரையில் ஏ என்னும் எழுத்தும் ஓர் அம்புக்குறியும் வந்து காத்து நின்றன. தம்பியை அறைக்கு அழைத்தேன். அன்று சொன்னது பொய்க் கதை என்று ஒப்புக்கொண்டேன். அவன் ஒன்றும் பேசாமல் வணக்கம் என்று ஆங்கில எழுத்தில் தட்டினான். எட்டே எழுத்து; சிபி-எம் ஒரு பெயருக்கு ஒதுக்கும் இடமும் எட்டே. அப்படி ஒரு நிரல் வட்டில் ஏது? அச்சொல்லையே பெரிய எழுத்தில் திருப்பி எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது. தம்பி சிரித்துவிட்டான். பிறகு ஒரு கோப்பைப் படியெடுக்க முயன்றோம். போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுத வேண்டும் என்பதை மறந்து, இருவரும் அரைமணி நேரம் விழித்தோம்.