ஆசிரியத் தொண்டின் அருந்தவச் செல்வர் விபுலாநந்த அடிகளார்

திருகோணமலையில் வாழும் நமக்குக் கோணமாமலையும் துறைமுகமும் இரு கண்கள். இத்துறைமுகத்தை நாடி வந்த அந்நியர் பலர். போர்த்துக்கேயர் வந்தனர், கோணேசர் திருக்கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். எல்லோரும் ஆண்டு, போயினர். இற்றைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், பொருளும் படையும் இன்றிக் காவியுடை ஒன்றோடு இந்நகருக்கு வந்தார் ஒரு துறவி. அவர் நாடியது துறைமுகத்தை அன்று; இங்குள்ள பிள்ளைகளின் உள்ளங்களை. அவரே சுவாமி விபுலாநந்த அடிகளார்.

அடிகளாரை முத்தமிழ் வித்தகர் என்றும், பேராசிரியர் என்றும், யாழ்நூல் தந்த பெரியார் என்றும் உலகம் போற்றுகின்றது. அப்புகழ்களை எல்லாம் ஈண்டு விரிக்க நாம் எண்ணவில்லை. ஓர் இளைஞர் எவ்வாறு ஆசிரியர் ஆனார் என்பதையே இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். நம் சங்கத்து இளைஞருள் ஆசிரியப் பயிற்சியில் இருப்போரும் உளர். அதனை எதிர்நோக்கி இருப்போரும் உளர். வேறு வேலை கிட்டாமையால் அப்பயிற்சிக்குச் செல்கின்றோம் என்று சலித்துக்கொள்வோரும் நம்மிடையே உளர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. அவர்கள் பொருட்டே இவ்வரலாற்றைச் சொல்லுகின்றோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்ப் பிறந்தார் அடிகளார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். இளமையில் தமிழையும் வடமொழியையும் ஊரிலே கற்றார். பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மைக்கல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். சைவக் குடும்பத்துப் பிள்ளை கிறித்தவக் கல்லூரியிற் பயின்றார். அங்குள்ள குருமார் அவருடைய கணித அறிவைக் கண்டு பேணி வளர்த்தனர். நல்லறிவு எத்திசையிலிருந்து வரினும் வரவேற்கும் பண்பு அவரிடத்தில் அன்றே வேரூன்றியது. 1908ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார்.

தேறியவுடன் ஆசிரியத் தொழிலும் கிட்டியது. தாம் கற்ற கல்லூரியிலேயே கற்பிக்கலானார். ஆங்கிலம் அறிந்தோர் அருகியிருந்த அக்காலத்தில் அத்தேர்வில் தேறிய ஒருவருக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனி அன்று. கற்பித்தலே போதும் என்று கருதினும், கிடைத்த இடத்திலேயே நிலைத்திருக்கலாம். மயில்வாகனனார் அங்ஙனம் அமையவில்லை. 1911ஆம் ஆண்டில் கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையிற் சேர்ந்து, கரும்பலகையின் முன்னே நின்றவர் மீண்டும் மாணவர் வாங்கில் அமர்ந்தார்.

வாசகர் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். பாடத்தை அறிந்திருத்தல் ஒன்று. அறிந்ததை அறியாத பிள்ளையின் உள்ளத்திற் புகுத்துதல் வேறொன்று. கூர்த்த மதியுடையோர்க்கு இவ்வுண்மை விளங்குதல் எளிதன்று. தமக்கு நொடியில் விளங்கிய கணக்கு, பின் வரிசைப் பிள்ளைக்கு ஏன் விளங்கவில்லை என்று அவர்கள் சினங்கொள்வர். பயிற்சி என்பது அச்சினத்தை ஆராய்ச்சியாக மாற்றும் கலை. பாடத்தைச் சிறு படிகளாக வகுக்கவும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லவும், பிள்ளை தவறு செய்தால் அத்தவறு எங்கே பிறந்தது என்று தேடவும் அது கற்பிக்கின்றது. தாம் நடத்தும் பாடத்தைப் பிறர் இருந்து நோக்கிக் குறை கூற, அதனைப் பணிந்து கேட்கும் பக்குவமும் அங்கேதான் வருகின்றது.

கொழும்பில் இருந்த காலத்தை மயில்வாகனனார் வீணாக்கவில்லை. கலாசாலைப் பாடங்களோடு, அந்நகரில் வாழ்ந்த தமிழறிஞராகிய தென்கோவை கந்தையபிள்ளையவர்களை அடுத்துச் சங்க நூல்களையும் பிற இலக்கியங்களையும் கற்றார். பகலில் கற்பிக்கும் முறையைப் பயில்வார். ஓய்வு நேரத்தில் பழந்தமிழைப் பயில்வார். 1912ஆம் ஆண்டிற் பயிற்சி பெற்ற ஆசிரியராய் வெளிவந்து, அர்ச். மைக்கல் கல்லூரிக்கே மீண்டார்.

சான்றிதழ் கையில் வந்ததும் புத்தகத்தை மூடிவிடும் ஆசிரியர் உண்டு. இவரோ அங்கிருந்துதான் தொடங்கினார். 1915ஆம் ஆண்டிற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, மறு ஆண்டிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார்; ஈழநாட்டிலிருந்து அத்தேர்வில் தேறியவருள் முதல்வர் என்று போற்றப்படுகின்றார். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். வகுப்பறைப் பணியின் நடுவிலேயே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தன் அதிபராக வரவேற்றது. பட்டம், பதவி, மதிப்பு யாவும் ஒருங்கே வந்து சேர்ந்தன. வயது முப்பதும் நிரம்பவில்லை.

அவ்வேளையில் அவர் செய்தது யாது? 1922ஆம் ஆண்டில் அனைத்தையும் துறந்து, மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். அதிபராய் இருந்தவர் மூன்றாம் முறையும் மாணவரானார். 1924ஆம் ஆண்டில், பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று, விபுலாநந்தர் என்னும் திருநாமம் தாங்கினார். துறவு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரிக்கவில்லை. 1925இல் இலங்கைக்கு மீண்டதும் அவர் ஏற்றது இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் பொறுப்பையே.

அவ்வாண்டிலேயே நமது திருகோணமலை இந்துக் கல்லூரியும் சங்கத்தின் ஆதரவில் வந்தது. அடிகளார் அதன் முகாமையாளராக விளங்கினார்; பின்னர் அதிபர் பொறுப்பையும் சில காலம் தாமே ஏற்று நடத்தினார். பல்கலைக்கழகப் பட்டமும், பண்டிதப் புலமையும், ஆசிரியப் பயிற்சியும், துறவொழுக்கமும் ஒருவரிடத்தே கூடிய அதிபரை இந்நகரம் பெற்றது. கப்பல்துறைக் கூலியாளின் மகனும் மீனவர் மகனும் உயர்கல்வி பெறலாம் என்னும் நம்பிக்கை, இத்தகைய பாடசாலைகளாலேயே நமது பகுதியில் வளர்ந்தது. 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவினார்.

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பேராசிரியப் பதவி பெற்ற அடிகளார், பல்கலைக்கழகத்தின் அயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். உயர்ந்த வகுப்பு, தாழ்ந்த வகுப்பு என்னும் வேற்றுமை உண்மை ஆசிரியனுக்கு இல்லை என்பதை அவர் பேசிக் காட்டவில்லை, நடந்து காட்டினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார்.

ஏறக்குறைய பதினான்கு ஆண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூலைப் பாருங்கள். மறைந்துபோன யாழ்க் கருவியின் இயல்பைச் சிலப்பதிகாரத்தின் துணையால் தேடினார். நரம்பின் நீளத்துக்கும் எழும் சுரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தால் அளந்தார். மட்டக்களப்பிற் கற்ற கணக்கும், கொழும்பிற் கற்ற விஞ்ஞானமும், கந்தையபிள்ளையவர்களிடம் கேட்ட பழந்தமிழும் அந்நூலில் ஒன்றாயின. கற்றது எதுவும் வீண்போகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர் பூதவுடல் அடக்கம் செய்யப்பெற்றது தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலயச் சூழலிலேயே. பிள்ளைகளின் குரல் கேட்கும் இடமே அவர்க்குச் சமாதியாயிற்று.

இளைஞர்களே, ஆசிரியப் பயிற்சியைத் தாழ்வாக எண்ணற்க. பாடக்குறிப்பு எழுதிக் கை சலிக்கும் நாளும் உண்டு. வகுப்பை அடக்க மாட்டாது மனம் சோரும் நாளும் உண்டு. அந்நாளில், பத்தொன்பது வயதில் வாங்கிற் சென்று அமர்ந்த காரைதீவு இளைஞரை நினைந்துகொள்ளுங்கள். பெரியோர்களே, நும் வீட்டுப் பிள்ளை ஆசிரியனாக விரும்புகின்றேன் என்றால், அதனைக் குறைவென்று தடுக்காதீர்கள். கோட்டை கட்டியவர்கள் போய்விட்டனர். அடிகளார் வளர்த்த கல்லூரியில் இன்றும் மணி ஒலிக்கின்றது. அம்மணியோசை ஓயாது காக்கும் கடமை நம்முடையது. கோணேசர் பெருமான் திருவருள் துணைநிற்பதாக!