அச்சுக்கு வழி செய்த ஜோ ஒசான்னா

யூனிக்ஸ் என்றதும் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி என்று எல்லாரும் சொல்வோம். ஜோ ஒசான்னாவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் நண்பர்களே? 1928-ல் அமெரிக்காவின் டெட்ராய்டில் பிறந்து, பெல் லேப்ஸில் வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் அவர்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆராய்ச்சி என்றால் அங்கே நிர்வாகம் புது கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாயில்லை. டாக்குமெண்ட் தயாரிக்க என்று ஒசான்னாவும் நண்பர்களும் கேட்டார்கள், பிடிபி-11 வந்துவிட்டது! 1971-ல் பேட்டண்ட் பிரிவு டைப்பிஸ்டுகள் அதில் வேலை செய்தார்கள். செஞ்சியில் மனு டைப் அடிக்கப் போன கதையை எங்க தாத்தா சொல்வார்: ஒரு வரி விட்டுப்போனால் முழுப் பக்கமும் திரும்ப அடிக்கணும், காசும் திரும்பத் தரணும். அந்தத் தொல்லை அங்கே தீர்ந்தது.

1973 வாக்கில் ஒசான்னா 'டிராஃப்' எழுதினார். ஒரேயொரு போட்டோ டைப்செட்டிங் மெஷினுக்காக, அதுவும் அசெம்பிளியில்! பிறகு சி மொழிக்கு மாற்றினார். 1977-ல், 48 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். புரோகிராமைப் புரிந்துகொள்வதே பெரும்பாடு. பிரையன் கெர்னிகன்தான் உட்கார்ந்து, எந்த மெஷினிலும் அச்சாகும்படி திருத்தினார்.

அதே வழியில் பிறர் புதிதாக எழுதிய 'ஜிராஃப்' எங்க லேப் லினக்ஸில் இருக்கிறது. 'மேன்' கட்டளையோடு 'டி' சேர்த்து 'எல்பிஆர்'-க்கு அனுப்பினேன். பிரிண்டர் வரிசையில் நின்று வந்த தாளில் இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி இருந்தது.