பழியின் கதை எழுதிய பதினெட்டு வயது

பழியுணர்ச்சியை அடித்தளமாகக் கொண்ட விந்தைக் கதைகள் இளைய தலைமுறையினரை இன்றும் கவர்ந்து வருகின்றன. அத்தகைய கதைகளுள் காலத்தை வென்று நிற்கும் ஒன்றை எழுதத் தொடங்கியபோது அதன் ஆசிரியருக்கு வயது பதினெட்டே. 1818ஆம் ஆண்டு வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினமே அது. எழுதியவர் மேரி ஷெல்லி. அந்நூலைப் பேய்க்கதை என்று மட்டும் அறிந்தோர் பலர். அறிவியல் புனைகதையின் முன்னோடி எனப் போற்றுவோரும் உளர். ஆயினும், நல்லியல்போடு தோன்றிய ஓர் உயிர் பழிவாங்கும் நிலைக்கு எவ்வாறு தள்ளப்படுகிறது என்பதைப் படிப்படியாக ஆராய்ந்த நூல் என்பதே அதன் தனிப்பெருமை. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பாடங்களை ஆசிரியருக்கு அவரது வாழ்க்கையே கற்பித்தது.

மேரி 1797 ஆகஸ்டு 30ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் காட்வின் அரசியல் நீதி பற்றிய நூலால் புகழ்பெற்ற சிந்தனையாளர். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் பெண்ணுரிமைக்காக நூல் எழுதி ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்கச் செய்தவர். மகளை ஈன்ற பதினொரு நாட்களில் அவர் மறைந்தார். தாயின் பெயரைப் பெற்ற மகள், தாயின் முகத்தை அறியும் பேறு பெற்றாரில்லை. காட்வின் 1801இல் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையோடு ஒத்துப்போகாத சிறுமி, நூல்களை எடுத்துக்கொண்டு புனித பாங்கிராஸ் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, தாயின் கல்லறையருகே அமர்ந்து படிப்பது வழக்கமாயிற்று.

அங்கேதான் கவிஞர் பெர்சி பைஷ் ஷெல்லியின் காதலும் மலர்ந்தது. ஷெல்லி ஏற்கெனவே மணமானவர். மனைவி ஹாரியட் அப்போது கருவுற்றிருந்தார். 1814 ஜூலையில் பதினாறு வயது மேரி அவருடன் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். திருமண முறையையே கண்டித்து எழுதிய காட்வின், தம் மகள் திருமணமின்றி வாழத் துணிந்தபோது முகம் கொடுக்க மறுத்தார். ஆனால், ஷெல்லியிடமிருந்து பணம் பெறுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை, பெயரிடப்படும் முன்னரே இறந்தது. அக்குழந்தையைத் தீயருகே வைத்துத் தேய்த்துச் சூடேற்ற, அது மீண்டும் உயிர்த்ததாகக் கனவு கண்டதை மேரி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். உயிரற்ற உடலுக்கு உயிர் தரும் எண்ணம், அறிவியல் ஆர்வமாக உருவெடுக்குமுன் ஒரு தாயின் ஏக்கமாக அவருள் இருந்தது.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பல், அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் கோடையையே பறித்துக்கொண்டது. அந்த மழைக்காலம் போன்ற 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த இல்லத்தில் ஷெல்லியும் மேரியும் கூடியிருந்தனர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதவேண்டும் என்று பைரன் கூற, இரு பெருங்கவிஞர்களும் தொடங்கியதை முடிக்கவில்லை. மேரி முடித்தார்.

கதையில் விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன் இறந்தோர் உறுப்புகளைக் கொண்டு ஓர் உருவத்தைப் படைத்து உயிரூட்டுகிறான். அது கண்விழித்த கணத்தில் அதன் கோரத்தைக் கண்டு ஓடிவிடுகிறான். அநாதையான அவ்வுயிர் ஒரு குடிலின் அருகே ஒளிந்திருந்து மனிதரைப் பார்த்துப் பார்த்து மொழி கற்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் கெத்தேயையும் படிக்கிறது. இரவில் விறகு வெட்டி அக்குடும்பத்திற்கு மறைவாக உதவுகிறது. பார்வையற்ற முதியவர் ஒருவரே அதனிடம் பரிவோடு பேசுகிறார். பார்வையுடைய மகன் அடித்து விரட்டுகிறான். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றியபோது அதற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டு. அதன் பின்னரே அது பழியை நாடுகிறது. படைத்தவனின் தம்பி, நண்பன், மணப்பெண் என ஒவ்வொருவராகப் பறிக்கிறது. இறுதியில் பழி இடம் மாறுகிறது. விக்டரே பழிவாங்கத் துடித்து, வடதுருவப் பனிவெளி வரை அதனைத் துரத்திச் சென்று மடிகிறான். இறந்தவனைக் கண்டு அவ்வுயிர் மகிழவில்லை, அழுகிறது. பகையைத் தவிர அதற்கு வேறு உறவே எஞ்சியிருக்கவில்லை.

இந்நூலில் மேரி யார் பக்கம் நிற்கிறார்? புறக்கணிக்கப்பட்ட உயிரின் வேதனையைத் தந்தை கதவடைத்த நாளில் அவர் அறிந்தார். புறக்கணித்தோரின் குற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு. நூலை எழுதிவந்த 1816 அக்டோபரில் அவருடைய தாய்வழிச் சகோதரி ஃபேனி நஞ்சுண்டு இறந்தார். டிசம்பரில், கைவிடப்பட்ட ஹாரியட்டின் உடல் இலண்டன் ஹைடு பூங்காவின் ஏரியில் கண்டெடுக்கப்பட்டது. அம்மாதம் 30ஆம் நாள் ஷெல்லியும் மேரியும் முறைப்படி மணந்துகொண்டனர்; காட்வினும் மகளை ஏற்றுக்கொண்டார். தமக்கு நேர்ந்த துயரங்கள் யாவும் ஹாரியட்டின் மரணத்திற்கு விதி கேட்ட ஈடு என்று பிற்காலத்தில் மேரி தம் நாட்குறிப்பில் எழுதினார். படைத்தவன், படைக்கப்பட்டது என்னும் இருவர் வாக்குமூலத்தையும் ஒரே நேர்மையோடு அவரால் எழுத முடிந்தது இதனாற்போலும்.

1818 ஜனவரியில் 500 படிகளாக வெளிவந்த நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை ஷெல்லியுடையது, ஆதலின் நூலும் அவருடையதே எனப் பலர் கருதினர். வால்டர் ஸ்காட்டும் அவ்வாறே எண்ணி மதிப்புரை எழுதினார். ஆசிரியர் பெயரோடு இரண்டாம் பதிப்பு 1823இல்தான் வந்தது. அதே ஆண்டு கதை நாடகமானபோது, அவ்வுயிரின் பெயர் இருக்கவேண்டிய இடம் விளம்பரத் தாளில் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதனை மேரி மிகவும் விரும்பினார். கதையில் அதற்கு யாரும் பெயரிடவில்லை. உலகமோ படைத்தவனின் பெயரையே அதற்குச் சூட்டி இன்றுவரை அழைத்து வருகிறது.

இத்தாலியில் வாழ்ந்த ஆண்டுகள் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தன. 1818இல் மகள் கிளாரா மறைந்தாள். 1819இல் மகன் வில்லியம் மறைந்தான். கதையில் முதற்பலியான சிறுவனின் பெயரும் அதுவே. 1822 ஜூலை 8ஆம் நாள் ஷெல்லி கடலில் மூழ்கினார். இருபத்து நான்கு வயதில் கைம்பெண்ணான மேரி, எஞ்சிய ஒரே மகன் பெர்சியுடன் மறு ஆண்டு இலண்டன் திரும்பினார். மாமனார் சர் திமோதி ஷெல்லி அவரைக் காணவும் விரும்பவில்லை. 1824இல் மேரி பதிப்பித்த கணவரின் கவிதைத் தொகுதியை விற்பனையினின்று விலக்கச் செய்தார். ஷெல்லியின் பெயரைப் பொதுமக்கள் முன் கொணரலாகாது என்பதே பேரனுக்கு அவர் அளித்த உதவித்தொகையின் நிபந்தனை.

பழியின் இலக்கணத்தை அறிந்தவர்க்குப் பழிதீர்க்கக் காரணங்கள் குறைவில்லை. மேரி உழைத்தார். புதினங்களும் வாழ்க்கை வரலாறுகளும் எழுதி மகனைப் படிக்க வைத்தார். கொள்ளைநோயால் மனித குலமே அழியும் 'கடைசி மனிதன்' என்ற புதினம் 1826இல் வந்தது. ஷெல்லியின் தாள்களைச் சேர்த்து, அடித்தும் திருத்தியும் கிடந்த வரிகளைப் பொறுமையோடு படித்தெடுத்தார். 1839இல் நான்கு தொகுதிகளாகக் கவிதைகளை வெளியிட மாமனார் இசைந்தபோதும் வாழ்க்கை வரலாற்றுக்குத் தடை நீங்கவில்லை. ஆகவே ஒவ்வொரு காலப் பகுதிக்கும் குறிப்புரை எழுதி, அவற்றினுள் கணவரின் வாழ்வைப் பொதிந்து வைத்தார். ஷெல்லியின் புகழ் பரவ அப்பதிப்பு பேரடித்தளமாயிற்று. தம்மை ஷெல்லிதாசன் என்று அழைத்துக்கொண்ட நம் பாரதியைப் போற்றும்போது, அத்தாள்களைக் காத்த கைகளையும் நாம் நினைத்தல் தகும்.

1851 பிப்ரவரி 1ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் மேரி ஷெல்லி இலண்டனில் காலமானார். அவர் உடலை போர்ன்மத் நகரில் அடக்கம் செய்த மகனும் மருமகளும், காட்வின், வுல்ஸ்டன்கிராஃப்ட் ஆகியோரின் எச்சங்களையும் இலண்டனிலிருந்து கொணர்ந்து உடன் வைத்தனர். பதினொரு நாட்களில் பிரிந்த தாயும், ஒருகாலத்தில் கதவடைத்த தந்தையும் இன்று அவர் அருகே உள்ளனர்.

எழுதுவோர்க்கு அவர் விட்டுச் சென்ற பாடம் ஒன்றுண்டு. படைத்ததோடு கடமை முடிந்ததென்று விக்டர் ஓடினான். அங்கே பழி பிறந்தது. மேரி தம் படைப்பையும், தம் மகனையும், மறைந்த கணவரின் சொற்களையும் கைவிடாது உடன் நின்றார். அவ்வுடனிருப்பே அவரது வாழ்க்கை.