குழந்தையைப் படித்த மருத்துவர் – மரியா மாண்டிசோரி அம்மையார்

பாலர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காண்கிறோம். அஃது ஒரு கல்வி முறையின் பெயர் என்பதை அறிந்தோர் பலர். ஓர் அம்மையாரின் குடும்பப் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. மருத்துவப் பட்டம் பெற்று, நல்ல பதவியிலும் அமர்ந்த பின்னர், குழந்தையைப் பற்றித் தாம் கற்றது போதாது என்று உணர்ந்து, மீண்டும் பல்கலைக்கழகத்திற்கு மாணவியாகச் சென்றவர் அவர்.

இத்தாலி நாட்டில், ஏட்ரியாட்டிக் கடலுக்கு அண்மையிலுள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில், 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசாங்க அலுவலர். புகையிலைத் தொழிற்சாலைக் கணக்குகளை மேற்பார்வையிடும் பணியில் இருந்தவர். தாயார் ரெனில்டே நூல்கள் கற்பதில் பெருவிருப்பம் கொண்டவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் படித்த பெண்களுக்கு ஆசிரியப் பணி ஒன்றே உரியதெனக் கருதப்பட்டது. மகள் ஆசிரியையாக வேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். மரியாவோ பொறியியல் கற்க எண்ணி, ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவ்வெண்ணத்தையும் மாற்றிக்கொண்டு மருத்துவம் பயில முற்பட்டார். தந்தையார் உடன்படவில்லை, பேராசிரியர்களும் ஊக்கம் தரவில்லை. தாயார் மட்டுமே துணை நின்றார். 1890இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்கை அறிவியல் மாணவியாகச் சேர்ந்து, அதில் தேறி, அதன் வழியே மருத்துவ வகுப்பில் இடம் பெற்றார்.

உடற்கூற்று வகுப்பில் பிணத்தை அறுத்துப் பார்த்துப் பயில வேண்டும். ஆண் மாணவர்களுடன் ஒரு பெண் நின்று அதனைச் செய்வது தகாது என்று விதித்தார்கள். ஆகவே, மற்றவர் யாவரும் வீடு திரும்பிய பின்னர், மாலை வேளையில் அந்தக் கூடத்தில் தன்னந்தனியே நின்று அவர் கற்க வேண்டியதாயிற்று. இளம்பெண் ஒருத்திக்கு அஃது எத்தகைய சோதனையாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். எனினும் அவர் பின்வாங்கவில்லை. இறுதி இரண்டு ஆண்டுகளில் குழந்தை மருத்துவத்திலும் மனநோய் மருத்துவத்திலும் கருத்தைச் செலுத்தினார். 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

அடுத்த ஆண்டில், பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் தொண்டு செய்யும் மருத்துவராகச் சேர்ந்தார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அந்நாளில் பித்தர்களுடன் ஒரே விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். அவ்வாறான ஓரிடத்தில், குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவதை மரியா கண்டாராம். காவற்காரி அதனைப் பேராசை என்று வெறுத்துக் கூறினாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடுவதற்கோ, உருட்டுவதற்கோ, கையில் எடுத்துப் பார்ப்பதற்கோ அங்கே ஒரு பொருளும் இல்லை. வயிற்றுப் பசியன்று அது, கைகளின் பசி என்று அவர் உணர்ந்தார்.

அதன்பின் இத்தகைய குழந்தைகளைப் பற்றி முன்னோர் எழுதிய நூல்களைத் தேடினார். இட்டார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரின் நூல்கள் அவருக்குக் கிட்டின. அவற்றை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே முழுவதும் எழுதினார். செகானின் நூல் மட்டுமே ஏறத்தாழ 600 பக்கங்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று சிந்திப்பதற்காகவே அவ்வாறு எழுதினார். இக்காலத்தில் பாடத்தைப் படி எடுத்து எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் நம் பிள்ளைகள் இதனைச் சற்றே கவனிக்கலாம்.

1900ஆம் ஆண்டில் இக்குழந்தைகளுக்கென அமைந்த ஒரு பள்ளிக்கு இணை இயக்குநரானார். பகலெல்லாம் பிள்ளைகளுடன் இருந்தார். இரவில் கண்டவற்றைக் குறிப்பெழுதினார். கல்வி ஏறாது என்று கைவிடப்பட்டவர்களுள் சிலர், மற்றப் பிள்ளைகளுடன் பொதுத் தேர்வு எழுதித் தேறினர். நாடே வியந்து பாராட்டியது. மரியாவின் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையுடைய இப்பிள்ளைகள் இத்தனை முன்னேறினார்கள் எனில், குறையற்ற பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏன் இவர்களோடு ஒப்பிடத்தக்க நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள்?

அதற்கு விடை காண மருத்துவம் போதவில்லை. 1901இல் அப்பதவியைத் துறந்தார். தம் 32ஆம் வயதில் மீண்டும் அதே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பிரிவில் பெயர் பதிந்து, உளவியல், கல்வியியல், மானிடவியல் ஆகியவற்றைப் பயின்றார். குழந்தை வளர்ச்சி என்று தனிப் பாடத்துறை எதுவும் அன்று அங்கு இல்லை. இன்று பல்கலைக்கழகங்களில் அப்பெயரில் பட்டமே பெறலாம். மரியாவோ பல துறைகளிலிருந்தும் சிறிது சிறிதாகச் சேர்த்து அதனைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று, அசைய இயலாத பெஞ்சுகளில் பிள்ளைகள் வரிசையாக அமர்த்தப்பட்டிருப்பதைக் கண்டார். ஊசியில் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிகள் அவர் நினைவுக்கு வந்தன. மாணவர்களின் உடல் அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். 1904 முதல் அப்பல்கலைக்கழகத்திலேயே மானிடவியல் விரிவுரைகள் ஆற்றினார். வறுமையும் போதிய உணவின்மையும் பிள்ளையின் கல்வியை எவ்வாறு தாக்குகின்றன என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துரைத்தார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1898இல் மரியாவுக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணம் செய்துகொள்ளாத நிலையில் பிறந்த அம்மகனைத் தம்முடன் வைத்து வளர்க்க அக்காலச் சமூகம் இடம் தரவில்லை. வளர்த்திருந்தால் அவருடைய பணி முழுவதும் அழிந்திருக்கும். நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தாரிடம் பிள்ளை வளர்ந்தான். மரியா அவ்வப்போது சென்று பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஊரார் பிள்ளைகளின் வளர்ச்சியை நாள்தோறும் குறித்து வைத்தவர், தம் பிள்ளை வளர்வதை அருகிருந்து காணவில்லை. இதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. அவருடைய நிலையில் நின்றவர்களே அதற்குத் தகுதியுடையவர்கள் என்பது என் எண்ணம். தம் தாயார் 1912இல் மறைந்த பின்னரே, 15 வயதளவில் இருந்த மகனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார்.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்டுத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விடுவர்; பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். பால் வெட்டப் போகும் பெற்றோர் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை அறிந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்நிலைமையை விளக்க வேண்டியதில்லை. சுவரைப் பழுது பார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்று கணக்கிட்ட நிறுவனத்தார், மரியாவின் உதவியை நாடினர். உலகப் புகழ் பெற்ற குழந்தைகள் இல்லம் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் இவ்வாறுதான் தோன்றியது. பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பிள்ளையைத் தூய்மையாக அனுப்ப வேண்டும், வாரம் ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையுடன் பேச வேண்டும் என்பவையே விதிகள்.

முதல் நாள் வந்த ஏறத்தாழ 50 குழந்தைகளும் அழுதுகொண்டும் அஞ்சிக்கொண்டும் இருந்தனர். மரியா பாடம் நடத்த முற்படவில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் அவற்றிற்கு ஏற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் செய்தும் அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 முறைக்கும் மேல் செய்த பின்னரே, இனிய உறக்கத்தினின்று எழுந்தவள்போல் முகமலர்ச்சியோடு நிறுத்தினாள். சிறு குழந்தைகளின் மனம் ஒன்றில் நிலைக்காது என்று நூல்களில் கற்றிருந்த மரியாவுக்கு அது பெரும் வியப்பாயிற்று.

மற்றொரு நாள், மூக்கை ஓசையின்றி எவ்வாறு துடைப்பது என்று கைக்குட்டையை எடுத்துச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டி ஆரவாரம் செய்தனர். மூக்கொழுகுகிறது என்று நாள்தோறும் ஏச்சுக் கேட்ட பிள்ளைகளுக்கு, அதனைத் துடைக்கும் முறையை இழிவு செய்யாமல் ஒருவரும் அதுவரை கற்பித்ததில்லை.

எழுத்தறியாத தாய்மார்கள் வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டினர். மரியா உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகச் செய்தார். அவ்வாண்டின் இறுதியில், வெயில் காய்ந்த ஒரு குளிர்கால நாளில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், திடீரெனத் தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டு, கை, புகைபோக்கி, கூரை என்னும் பொருளுடைய சொற்களைத் தரையில் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர்.

1909இல் இவ்வனுபவங்களை நூலாக வெளியிட்டார். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. பல நாடுகளில் பள்ளிகள் எழுந்தன. காந்தியடிகள் 1931இல் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்தார். முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போகாததால் 1934இல் இத்தாலியை விட்டு நீங்கினார். இசுபெயினில் வாழ்ந்தபோது 1936இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்ம ஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அழைக்க, மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அங்கு நடந்த ஆசிரியர் பயிற்சியில் 300க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். தங்குவதற்கு ஓலைக் குடிசைகள் அமைக்கப்பட்டன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் ஆங்கில அரசுக்குப் பகைவராயினர். மாரியோவை அகமத்நகர்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டு சென்றனர். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறாதவாறு கட்டுப்படுத்தப்பட்டார். மாரியோவை அவர் அதுவரை வெளியாரிடம் உறவுப்பிள்ளை என்றோ, வளர்ப்பு மகன் என்றோதான் பெரும்பாலும் சொல்லி வந்தார். ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய 70ஆம் பிறந்த நாள் வந்தது. அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி கிடைத்தது. பிறந்த நாள் பரிசாக மாரியோவை விடுதலை செய்வதாக அறிவித்த அத்தந்தி, அவரை அம்மையாரின் மகன் என்றே குறிப்பிட்டிருந்தது.

போர்க்காலத்தில் தாயும் மகனும் கோடைக்கானலில் தங்கி, அங்கிருந்த சிறுவர்களுக்குச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் காட்டிக் கற்பித்தனர். 1946இல் ஐரோப்பா திரும்பினாலும், மறு ஆண்டே மீண்டும் அடையாறு வந்தார். பிறந்த நாள் முதல் குழந்தையின் மனம் தன்னைச் சூழ்ந்தவற்றை ஈர்த்துக்கொள்ளும் தன்மையைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல், 1949இல் சென்னையிலேயே அச்சேறியது.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரையூரில், மகன் உடனிருக்க, அம்மையார் தம் 81ஆம் வயதில் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1990இல் இத்தாலிய அரசு வெளியிட்ட 1000 லிரா பணத்தாளில் அவர் உருவம் இடம் பெற்றது. அத்தாளின் மறுபுறத்தில் சிறுவர்கள் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.