சுவரில்லாச் சிறை கண்ட ஸ்ரீ சம்பூர்ணானந்தர்

சுயராஜ்யப் போரில் சிறை புகுந்தோர் பல்லாயிரவர். அவருள் பின்னர் மந்திரிப் பதவி ஏற்றோரும் பலர். முன்னாளில் தம்மைப் பூட்டிய சாவி தம் கைக்கே வந்து சேர்ந்தபோது, அதைக் கொண்டு அவர்கள் யாது செய்தனர் என்று கேட்பது தேசபக்தர்களுக்கு உரிய கேள்வியேயாகும். அரசியல் கைதிகள் விடுதலை பெற்று மாலையும் மரியாதையும் அடைந்தனர். அடுத்த கொட்டடியில் கிடந்த சாதாரணக் கைதியோ அங்கேயே இருந்தான். அவனை மறவாதிருந்த சிலருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் காசி நகரத்து ஸ்ரீ சம்பூர்ணானந்தர் ஆவார்.

இவர் 1891-ஆம் ஆண்டில் காசியில் பிறந்தார். கலாசாலையில் பெற்றது விஞ்ஞானப் பட்டமாயினும், இவருடைய உள்ளம் தத்துவத்திலும் வடமொழியிலும் வானசாஸ்திரத்திலும் தோய்ந்து நின்றது. உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கிப் பிக்கானீரில் கலாசாலைத் தலைமை ஆசிரியராக உயர்ந்த இவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். பின்னர்க் காசி வித்யாபீடத்தில் போதித்தார், பத்திரிகை நடத்தினார், 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி தோன்றியபோது அதன் மூலவர்களுள் ஒருவராக விளங்கினார். இதற்கிடையில் பன்முறை சிறைவாசம் அனுபவித்தார். 1938-ல் ஐக்கிய மாகாணத்தின் கல்வி மந்திரியானார். யுத்தம் மூண்ட 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபை விலகவே இவரும் வெளியேறினார். 1946-ல் மீண்டும் மந்திரியாகி, 1954-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1960 வரை உத்தரப் பிரதேசத்தின் முதன் மந்திரியாக இருந்தார்.

இவர் கண்ட சிறை எத்தகையது? 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் கீழ் நடந்த சிறை அது. கைதியின் உடலை வருத்தி மனத்தை ஒடுக்குவதே அதன் நோக்கமாயிருந்தது. நம் சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த கதையை அறியாத தமிழர் உளரோ? அவ்வுழைப்பால் கைதி ஒரு தொழிலும் கற்றானில்லை; அவன் குடும்பத்துக்கு ஒரு காசும் போய்ச் சேர்ந்ததில்லை. தண்டனை முடிந்து வெளிவந்தவன் முன்னிலும் ஏழையாய், எவரும் வேலை கொடாதவனாய், மீண்டும் அவ்வாயிலுக்கே திரும்பினான். அரசாங்கம் மாறிய பின்னரும் சட்டம் மாறவில்லை.

இந்நிலையில் சம்பூர்ணானந்தர் ஊக்கி நடத்திய முயற்சியே சுவரில்லாச் சிறை. 1952-ஆம் ஆண்டில், அந்நாளில் காசி ஜில்லாவைச் சேர்ந்திருந்த சக்கியா என்னுமிடத்தில், சந்திரப்பிரபா நதிக்கு அணை கட்டும் பணி நடந்தது. மாகாணச் சிறைகளிலிருந்து நன்னடத்தையும் உடல்வலிமையும் உள்ள கைதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்பணிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே உயர்ந்த மதில் இல்லை, காவலரும் சிலரே. கைதி வெளியார்போலவே வேலை செய்து கூலி பெற்றான். உணவுக்கும் உடைக்கும் ஆன செலவை அக்கூலியில் கழித்துக்கொண்டு, எஞ்சியதை அவன் கணக்கில் வைத்தனர். அவன் அதனை வீட்டுக்கு அனுப்பலாம். ஒழுங்காய் நடந்தவனுக்குத் தண்டனைக் காலமும் தாராளமாகக் குறைக்கப்பட்டது.

கைதிகள் யாவரும் ஓடிப்போவர் என்று பலர் அஞ்சியதில் வியப்பில்லை. அப்படி நேர்ந்திருந்தால் முகாம்கள் பெருகியிரா. ஓடுகிறவன் சில நாள் சுதந்திரத்துக்காகச் சேர்ந்த கூலியையும் குறைந்த தண்டனையையும் இழப்பான். பிடிபட்டால் மதிலுக்குள்ளே திரும்ப வேண்டும். இருக்கிறவனோ ஒவ்வொரு நாளும் வீட்டை நெருங்குகிறான். இந்தக் கணக்கைக் கைதி நன்கு அறிந்திருந்தான். 1956-ல் மிர்ஜாப்பூர் ஜில்லாவின் குர்மாவிலும், 1960-ல் தராய்ப் பிரதேசத்துச் சிதார்கஞ்சிலும் முகாம்கள் எழுந்தன. முன்னதில் சிமெண்டு ஆலைக்குக் கல் உடைத்தனர். பின்னதில் பரந்த நிலத்தில் பயிர் செய்தனர். இவை சம்பூர்ணானந்தர் பெயராலேயே வழங்கின.

இதில் குறை காண இடமில்லையோ எனின், உண்டு. அணையும் கற்சுரங்கமும் சர்க்காருக்கு வேண்டியிருந்தன. மலிவான ஆள் கிடைத்தனர். கடுங்கோடையில் கல்லுடைப்பதைக் கருணை என்று கூறல் எளிதன்று. கூலி என்னும் ஒன்றே இம்முகாமை அடிமை வேலையினின்று பிரித்து நிறுத்தியது. அதனைக் குறைப்பவர் எவராயினும் இத்திட்டத்தின் வேரையே வெட்டுகின்றவராவார்.

1962 முதல் 1967 வரை சம்பூர்ணானந்தர் ராஜஸ்தானத்தின் கவர்னராக இருந்தார். ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் 1963-ல் தோன்றிய திறந்தவெளிச் சிறை, இவர் பெயரையே தாங்கியது. முன்னவற்றினும் இது ஒரு படி மேலானது. கைதி இங்கே மனைவி மக்களுடன் சிறு வீட்டில் வாழ்கிறான். காலையில் வெளியே சென்று பிழைப்புத் தேடி, மாலையில் திரும்பிப் பேர் கொடுக்கிறான். சர்க்கார் சோறு போடுவதில்லை. அவனே உழைத்துத் தன் குடும்பத்தைக் காக்கிறான். தந்தையின் குற்றத்துக்காகக் குழந்தை பட்டினி கிடக்கும் அநீதி அங்கே நீங்குகிறது.

காசியில் 1958-ல் நிறுவப்பட்ட வடமொழிச் சர்வகலாசாலையும், நைனிதாலின் வானாராய்ச்சி நிலையமும் இவர் முயற்சிக்குச் சான்று பகர்வன. எனினும் 1969-ல் மறைந்த இப்பெரியாரின் தொண்டுகளுள், பேச வாயில்லாதவர்க்குச் செய்ததே பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

அத்தொண்டு முற்றுப்பெற்றதா? நம் தமிழ்நாட்டிலும் சிவகங்கையைச் சார்ந்த புரசடை உடைப்பு முதலிய இடங்களில் திறந்தவெளிச் சிறைகள் உள. ஆனால் இவையெல்லாம் தண்டனை பெற்றவர்க்கே உரியவை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் குற்றம் ருசுவாகாத விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல்! கீழ்க்கட்டளையிலோ பல்லாவரத்திலோ அன்றாடக் கூலியால் வாழும் ஒருவன் சிறு வழக்கில் சிக்கினால், ஜாமீன் கொடுக்க ஆளில்லாமையாலேயே புழல் சிறையில் மாதக்கணக்கில் கிடக்க நேரலாம். அவன் குற்றவாளியா என்று நீதிபதி சொல்வதற்கு முன்னரே அவன் வீட்டு அடுப்பு அணைந்துவிடுகிறது. குற்றம் ருசுவானவனைச் சந்தைக்கு அனுப்பி மாலையில் எதிர்பார்க்கும் நாட்டில், ருசுவாகாதவனைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

மாற்று வழிகள் இல்லாமலில்லை. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் விடும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1936-லேயே இயற்றியது. தேசம் முழுவதற்குமான சட்டம் 1958-ல் வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டங்கள் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையே தண்டனையாக விதிக்க இடந்தருகின்றன. முதல் முறை வழக்கில் சிக்கியவர், கொடுங்குற்றங்கள் நீங்கலாக, உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கு சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் வெளிவரவும் வழி செய்கின்றன. ஏட்டில் உள்ள இவ்வழிகளை நாட்டில் நடக்கச் செய்வோர் வேண்டும்.

ஊர்தோறும் பொதுப்பணி புரியும் அன்பர்கள், தம் ஊரிலிருந்து எவர் சிறையில் இருக்கின்றனர், எத்தனை நாளாக, எதனால் ஜாமீன் கிடைக்கவில்லை என்று விசாரிப்பார்களாக. இலவசச் சட்ட உதவிக் குழுவை நாடி அவர்களுக்கு வழி காட்டுவார்களாக. சிறைக்கு வெளியே மாலை சூடிய தலைமுறை, சிறைக்கு உள்ளே விட்டு வந்த கடன் அது.