விலக்கியபோதும் விலகாதவர்: புனித மேரி மெக்கிலப்

ஆகஸ்டு 8ஆம் நாள் நம் பங்குகளில் புனித சாமிநாதரை நினைவுகூர்ந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அதே நாளில் ஆஸ்திரேலியத் திருச்சபை தன் மண்ணில் பிறந்த முதல் புனிதரின் விழாவைக் கொண்டாடுகிறது. அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் மறைக்கல்வியும் கற்றுக்கொடுப்பதற்காகவே ஒரு துறவற சபையைத் தொடங்கியவர். அவர்தான் 'சிலுவையின் மரியா' என்ற துறவறப் பெயரை ஏற்ற அருட்சகோதரி மேரி மெக்கிலப்.

2010ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் இவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு 139 ஆண்டுகளுக்கு முன்பு, இவர் பணியாற்றிய மறைமாவட்டத்தின் ஆயரே இவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். திருச்சபை விலக்கிய ஒருவரைத் திருச்சபையே பீடத்தில் ஏற்றியது எப்படி? இவரது வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கடன்பட்ட வீட்டின் மூத்த மகள்

மேரி 1842ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மெல்போர்ன் நகரின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டரும் தாய் ஃப்ளோராவும் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை இளமையில் குருவாக விரும்பி உரோமையில் படித்தவர். ஆனால் குருவாகவில்லை. நிறையப் படித்தவர், நல்ல மனிதர். ஆனால் பொருள் ஈட்டத் தெரியாதவர். கையிட்ட தொழில்கள் நொடித்தன. குடும்பம் பலமுறை உறவினர் வீடுகளில் தங்கி வாழ வேண்டியிருந்தது.

8 பிள்ளைகளில் மூத்தவர் மேரி. குடும்பப் பாரத்தின் பெரும்பகுதி இவர் தோளில்தான் விழுந்தது. இளவயதிலேயே மெல்போர்னில் ஓர் எழுதுபொருள் நிறுவனத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தார். துறவறம் போக வேண்டும் என்ற ஆசை உள்ளத்தில் இருந்தது. ஆனால் இவரது சம்பளத்தை நம்பித் தம்பி தங்கைகள் இருந்தார்கள். வீட்டுக்காகத் தன் அழைத்தலைத் தள்ளிவைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளை நம் ஊர்களிலும் நாம் அறிவோம். மேரியும் அப்படித்தான் காத்திருந்தார்.

குதிரை லாயத்தில் ஒரு பள்ளிக்கூடம்

1860ஆம் ஆண்டு, 18ஆம் வயதில், தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா என்ற சிற்றூருக்குச் சென்றார். அங்கே உறவினர் ஒருவரின் பண்ணை வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு, பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து அமர்த்திக் கற்பித்தார்.

பெனோலாவின் பங்குத்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர், நிலவியல் அறிஞரும்கூட. குதிரையின்மீது பல நாள்கள் பயணம் செய்தால்தான் சுற்றி முடிக்க முடியும் என்னும் அளவுக்கு அவரது பங்கு பரந்து கிடந்தது. காடுகளை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகள் எழுத்தறிவும் மறைக்கல்வியும் இல்லாமல் வளர்ந்து வருவதை அவர் கண்டு கவலைப்பட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த துறவற சபைகள் பெரிய ஊர்களில் பெரிய மடங்கள் கட்டித்தான் பணியாற்றின. அவற்றால் இந்தக் குடிசைகளுக்குப் போக முடியவில்லை. அப்படியானால் இந்த நாட்டுக்கென்றே ஒரு புதிய சபை வேண்டும் என்று இருவரும் எண்ணினார்கள்.

ஆனால் மேரியின் குடும்பக் கடமை இன்னும் முடியவில்லை. போர்ட்லாந்து என்ற ஊரில் சில ஆண்டுகள் ஆசிரியையாக உழைத்தார். 1866ஆம் ஆண்டுதான் பெனோலாவுக்குத் திரும்ப முடிந்தது. பள்ளி நடத்தக் கட்டடம் இல்லை. கைவிடப்பட்ட ஒரு குதிரை லாயம் கிடைத்தது. தம்பி ஜான் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். மேரியும் அவருடைய தங்கைகளும் அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருவிழா அன்று, மேரி எளிய கறுப்பு உடை அணிந்து தம்மை இறைவனுக்கு அர்ப்பணித்தார். திருஇருதயத்தின் புனித சூசையப்பர் சகோதரிகள் சபையின் தொடக்கம் அதுவே.

அடுத்த ஆண்டு ஆயர் லாரன்ஸ் ஷீல் அழைக்க, அடிலெய்டு நகருக்குச் சென்றார். 1867 ஆகஸ்டு 15, மரியாவின் விண்ணேற்பு விழா அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார்.

மக்கள் நடுவே வாழ்ந்த சகோதரிகள்

இந்தச் சபையின் வழக்கங்கள் அக்காலத்துக்குப் புதியவை. சகோதரிகள் இரண்டு மூன்று பேராக, மக்கள் வாழும் இடத்திலேயே சிறு வீடுகளில் தங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர், சிறு விவசாயிகள் இருந்த ஊர்களுக்கெல்லாம் போனார்கள். கட்டணம் கொடுக்க முடியாத பிள்ளையையும் திருப்பி அனுப்பவில்லை. படித்த வசதியான வீட்டுப் பெண்கள் ஒரு நிலை, வீட்டுவேலை செய்யும் சகோதரிகள் வேறொரு நிலை என்ற பிரிவினை அன்று பல சபைகளில் இருந்தது. மேரியின் சபையில் அது இல்லை. ஏழை வீட்டுப் பெண்ணும் இங்கே சமமான சகோதரிதான்.

இன்னொன்றும் உண்டு. சகோதரிகள் அனைவரும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒரே தலைவியின் கீழ் இருக்க வேண்டும் என்று மேரி விரும்பினார். ஒவ்வோர் ஆயரும் தம் மறைமாவட்டத்துச் சகோதரிகளைத் தனித்தனியாக ஆண்டால், தேவை எங்கே அதிகமோ அங்கே சகோதரிகளை அனுப்ப முடியாமல் போகும். இரண்டு பேர் மட்டும் வாழும் தொலைதூர வீடுகளுக்கு வழிகாட்டவும் ஆள் இருக்காது. நிர்வாக விஷயம்போலத் தோன்றும் இதுதான் மேரியின் வாழ்நாள் முழுவதும் அவருக்குச் சிலுவையானது.

1871ஆம் ஆண்டில் சுமார் 130 சகோதரிகள் 40க்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் இல்லங்களிலும் பணியாற்றினார்கள். அனாதைப் பிள்ளைகளுக்கும், முதியோருக்கும், ஆதரவற்ற பெண்களுக்கும் இல்லங்கள் திறக்கப்பட்டிருந்தன. ஐந்தே ஆண்டுகளில் இத்தனை வளர்ச்சி!

அந்த ஐந்து மாதங்கள்

வளர்ச்சியோடு கடனும் வளர்ந்தது. தந்தை உட்ஸ் பணக் கணக்கில் கெட்டிக்காரர் அல்லர். அவரைப் பிடிக்காத குருக்கள் சிலர் சகோதரிகளைப் பற்றியும் ஆயரிடம் குறைகூறினார்கள். இதற்குப் பின்னால் வேறொரு காரணமும் இருந்ததை வரலாற்று ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்துக்காட்டினார்கள். கபுண்டா என்ற ஊரில் ஒரு குரு சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்டதைச் சகோதரிகள் வெளிப்படுத்தினார்கள். அவர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அவரோடு பணியாற்றிய ஒரு குரு இதனால் சினமடைந்தார். ஆயரிடம் செல்வாக்குப் பெற்றிருந்த அந்தக் குருவின் பகை சகோதரிகள்மீது திரும்பியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பேசியவர்கள் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. இதை வெட்கத்தோடுதான் நாம் படிக்க முடிகிறது.

நோயுற்றிருந்த ஆயர் ஷீல், சபையின் ஒழுங்குகளை மாற்ற முனைந்தார். சகோதரிகளை இரு நிலைகளாகப் பிரிக்கவும், ஒவ்வோர் இல்லத்தையும் பங்குக்குருவின் கீழ் வைக்கவும் எண்ணினார். மாற்றப்பட்ட ஒழுங்கின் கீழ் தம்மால் இருக்க முடியாது என்பதை மேரி பணிவோடு தெரிவித்தார். அது கீழ்ப்படியாமையாகக் கருதப்பட்டது. 1871 செப்டம்பர் 22ஆம் நாள், சகோதரிகள் கூடியிருந்த சிற்றாலயத்தில், ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அப்போது மேரிக்கு வயது 29.

திருநற்கருணை இல்லை. சகோதரிகளோடு பேசவும் தடை. பல சகோதரிகள் சபையைவிட்டு அனுப்பப்பட்டார்கள், பள்ளிகள் பல மூடப்பட்டன. அந்த நாள்களில் இம்மானுவேல் சாலமன் என்ற யூதர், வெளியேற்றப்பட்ட சகோதரிகளுக்கு வாடகை வாங்காமல் வீடு கொடுத்தார். இயேசு சபைக் குருக்கள் மேரிக்கு ஆன்மிக ஆதரவு தந்தார்கள். எருசலேம் வீதியில் சிலுவை சுமக்க உதவிய சீரேனே ஊர் சீமோனைப் போல, எதிர்பாராத இடத்திலிருந்து வந்த கைகள் அவை.

மேரி என்ன செய்தார்? பிரிந்துபோய்த் தனிச்சபை தொடங்கவில்லை. நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஆயரை எதிர்த்து மக்களைத் திரட்டவில்லை. அதே வேளையில், தாம் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் இல்லை. செபித்தார், பொறுத்திருந்தார். 1872 பிப்ரவரியில், மரணப் படுக்கையில் இருந்த ஆயர் தம் தவறை உணர்ந்து தண்டனையை நீக்கச் செய்தார். சில நாள்களில் ஆயர் இறந்தார். பின்னர் நடந்த விசாரணையில் மேரிமீது குற்றமில்லை என்பது தெளிவானது.

உரோமை சென்றார், வழி கிடைத்தது

ஒவ்வொரு முறையும் ஓர் ஆயரின் மனநிலையை நம்பிச் சபை நடக்க முடியாது என்பது மேரிக்குப் புரிந்தது. 1873ஆம் ஆண்டு, தன்னந்தனியாகக் கப்பலேறி உரோமை சென்று, திருத்தந்தை 9ஆம் பத்திநாதரைச் சந்தித்தார். ஒரே தலைவியின் கீழ் சபை இயங்கலாம் என்று உரோமை ஏற்றுக்கொண்டது. ஆனால் சொத்தே வைத்துக்கொள்ளாத முழு ஏழ்மை என்ற தொடக்க கால ஒழுங்கை மாற்றியது. இதை மேரி ஏற்றார். தந்தை உட்ஸால் ஏற்க முடியவில்லை. ஒரே கனவைக் கண்ட இருவருக்கும் இடையே விழுந்த பிளவு முழுமையாக ஆறவே இல்லை. ஆனாலும் அவர் இறந்த பிறகு அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் மேரியே.

துன்பம் அத்துடன் முடியவில்லை. பாதர்ஸ்ட், பிரிஸ்பேன் ஆயர்கள் சகோதரிகளைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைக்க விரும்பினார்கள். 1883இல் அடிலெய்டு ஆயர் ரேனால்ட்ஸ், ஒரு காலத்தில் மேரிக்கு நண்பராக இருந்தவர், அவரை அந்த மறைமாவட்டத்திலிருந்தே வெளியேறச் சொன்னார். மருத்துவர் சொல்லி நோவுக்காக அருந்திய பிராந்தியைக் காட்டிக் குடிகாரி என்றுகூடப் பழி சுமத்தப்பட்டது. மேரி சிட்னிக்குச் சென்றார். 1885இல் அவருக்குப் பதிலாக அன்னை பெர்னார்ட் தலைவியாக நியமிக்கப்பட்டார். தாம் தொடங்கிய சபையில் இன்னொருவருக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் பணிவோடு உழைத்தார். 1886இல் சகோதரிகளுக்கு உதவ சிட்னி நோக்கி வந்த தாய் ஃப்ளோரா கப்பல் விபத்தில் இறந்தார். 1888இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் சபைக்கு இறுதி ஒப்புதல் அளித்து, ஒரே தலைமையின் கீழ் இயங்கும் முறையை உறுதிசெய்தார்.

அன்னை பெர்னார்டின் மறைவுக்குப்பின், 1899இல் சகோதரிகள் மேரியை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1902இல் நியூசிலாந்தில் இருந்தபோது பக்கவாதம் தாக்கி வலப்பக்கம் செயலிழந்தது. வாழ்நாளெல்லாம் கடிதங்கள் எழுதிச் சகோதரிகளைத் தேற்றியவர், இடக்கையால் எழுதப் பழகினார். சக்கர நாற்காலியில் இருந்த அவரையே 1905இல் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். 1909 ஆகஸ்டு 8ஆம் நாள் வடக்கு சிட்னியில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவரது சபை 100க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 12,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தது.

கல்லறை மண்ணை மக்கள் ஓயாமல் எடுத்துச் சென்றதால், 1914இல் அவரது உடல் மவுண்ட் வீதிச் சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டது. அந்தக் கல்லறைக்குப் பளிங்கு கொடுத்தவர், அவரது நீண்டகாலத் தோழியான ஒரு பிரஸ்பிட்டேரியன் பெண்மணி. 1995இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் சிட்னியில் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

நமக்கான சிந்தனை

அன்பார்ந்தவர்களே, திருச்சபைக்குள் காயப்பட்டவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். பங்குப் பேரவையில் ஏற்பட்ட ஒரு சண்டை, ஆள் பார்த்து நடந்துகொண்ட ஒரு குரு, கேட்கப்படாமல் போன ஒரு நியாயம். இவற்றால் கோவிலுக்கு வருவதையே நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வாயை மூடியிருங்கள் என்று சொல்வதற்கு மேரியின் வாழ்வைப் பயன்படுத்தினால், அது அவருக்கு இழைக்கும் இன்னொரு அநீதி. அவர் வாயை மூடியிருக்கவில்லை. உரிய இடத்தில், உரிய சொற்களில், உரோமைவரை சென்று பேசினார். பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்தபோது அவருடைய சகோதரிகள் மறைக்கவில்லை.

ஆனால் பேசியபோது அவர் வெறுக்கவில்லை. தம் மானத்தைக் காக்க அல்ல, குடிசைப் பிள்ளையின் பள்ளியைக் காக்கவே நின்றார். நாம் ஒரு பிரச்சினைக்காக எழுந்து நிற்கும்போது, அது யாருக்காக என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம். நம் பங்கில் மனம் நொந்து ஒதுங்கியிருக்கும் ஒருவரை இந்த வாரம் தேடிச் சென்று, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்போம். அதிகாரத்தில் இருப்போர், ஆயர் ஷீல் கடைசி நாள்களில் செய்ததுபோல், தவறைத் திருத்திக்கொள்ளும் வரத்தைக் கேட்போம். அதற்கு மரணப் படுக்கைவரை காத்திருக்கவும் வேண்டாம்.

சிலுவையின் புனித மரியாவே, எங்கள் ஆசிரியர்களுக்காகவும், எங்கள் பிள்ளைகளுக்காகவும், திருச்சபைக்குள் காயமுற்ற அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.