ராஷ் பிஹாரி போஸ்: பிரிட்டன் தேடிய இந்தியரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய ஜப்பான் பேக்கரி குடும்பம்!

குடும்பத்தோடு ஜப்பான் டூர் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது 'ரியோகான்' என்ற பாரம்பரிய விடுதியில் தங்க ஆசைப்படுகிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே தத்தாமி பாய், போட்டுக்கொள்ள யுகாதா உடை, உட்கார்ந்ததும் சூடாக டீ. குழந்தை, தாத்தா, பாட்டி என எல்லோருக்கும் ஒரே அறையில் படுக்கை விரித்துக் கொடுப்பார்கள். கேட்பதற்கு முன்பே விருந்தாளியின் தேவையைப் புரிந்துகொள்ளும் இந்த உபசரிப்புக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'ஒமோதெனாஷி'.

சரி, பில் எதுவும் போடாமல், தங்கள் உயிரையே பணயம் வைத்து ஒரு ஜப்பானியக் குடும்பம் ஒரு இந்தியருக்கு இடம் கொடுத்த கதை தெரியுமா? அந்த இந்தியர் ராஷ் பிஹாரி போஸ். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வருவதற்கு முன்பே கிழக்கு ஆசியாவில் இந்திய விடுதலைக்கான அமைப்பைக் கட்டி எழுப்பி, பிறகு அதை நேதாஜியின் கையில் ஒப்படைத்தவர். பெயரில் போஸ் இருந்தாலும் இருவரும் உறவினர்கள் இல்லை.

யார் இந்த ராஷ் பிஹாரி போஸ்?

1886 மே 25-ஆம் தேதி வங்காளத்தின் பர்த்வான் மாவட்டத்தில் உள்ள சுபல்தஹா கிராமத்தில் பிறந்தார். வளர்ந்தது சந்தன்நகரில். நம்ம புதுச்சேரி, காரைக்கால் மாதிரி அதுவும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரிட்டிஷ் போலீஸ் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது என்பதால் புரட்சிக்காரர்களுக்கு அது வசதியான இடமாக இருந்தது.

பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் தலைமை குமாஸ்தா வேலை. பகலில் அரசாங்க ஃபைல், ராத்திரியில் ரகசியக் கூட்டம் என்று இரட்டை வாழ்க்கை நடத்தினார்.

வைஸ்ராய் மீது வீசப்பட்ட குண்டு

1912 டிசம்பர் 23. தலைநகரை கல்கத்தாவில் இருந்து டெல்லிக்கு மாற்றிய பிரிட்டிஷ் அரசு, அதைக் கொண்டாட பெரிய ஊர்வலம் நடத்தியது. யானை மேல் அமர்ந்து வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது சாந்தினி சவுக்கில் குண்டு விழுந்தது. வைஸ்ராய் படுகாயத்துடன் தப்பினார். அவருடன் யானை மேல் இருந்த பணியாளர் இறந்துபோனார்.

இந்தத் திட்டத்தின் மூளை ராஷ் பிஹாரி. ஆனால் அவர் சந்தடி இல்லாமல் டேராடூன் திரும்பி, வழக்கம்போல ஆபீஸுக்குப் போனார். தாக்குதலைக் கண்டித்து நடந்த கூட்டத்திலும் கலந்துகொண்டார்! உண்மை வெளியே வர நாளானது. அவருடைய தோழர்கள் நான்கு பேர் 1915-ல் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே 1915 பிப்ரவரியில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம், இந்தியச் சிப்பாய்களைக் கிளர்ச்சிக்குத் தயார்படுத்தும் கதர் இயக்கத் திட்டத்திலும் அவர் முக்கியப் பங்கு வகித்தார். உளவாளி ஒருவர் காட்டிக்கொடுத்ததால் அந்தத் திட்டமும் தோற்றது. இனி இந்தியாவில் இருந்தால் தூக்குதான் என்ற நிலை.

தாகூர் பெயரில் கப்பல் பயணம்

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் போகப்போகிறார் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. அதைப் பயன்படுத்திக்கொண்டார் ராஷ் பிஹாரி. தாகூரின் உறவினர் பி.என்.தாகூர் என்று சொல்லிக்கொண்டு, 1915 மே 12-ஆம் தேதி கல்கத்தாவில் 'சனுகி மாரு' கப்பலில் ஏறினார். ஜூன் மாதம் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் இறங்கினார். அதற்குப் பிறகு இந்திய மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

ஜப்பான் சுதந்திர நாடு, இனி கவலை இல்லை என்று நினைத்திருப்பார். ஆனால் அப்போது பிரிட்டனும் ஜப்பானும் கூட்டாளிகள். டோக்கியோவில் இருப்பது யார் என்று கண்டுபிடித்த பிரிட்டன், அவரை வெளியேற்றச் சொல்லி நெருக்கடி கொடுத்தது. நவம்பர் கடைசியில் ஜப்பான் அரசு உத்தரவு போட்டது. அவரும் இன்னொரு புரட்சிக்காரரான ஹேரம்ப லால் குப்தாவும் டிசம்பர் 2-க்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

போவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் கெடுவுக்குள் கிடைக்கும் கப்பல்கள் ஷாங்காய், ஹாங்காங் பக்கம் போகிறவை. அங்கே பிரிட்டிஷ் போலீஸ் காத்திருக்கும். ஆக, அது மரண தண்டனைக்குச் சமமான உத்தரவு.

பேக்கரிக்காரர் கொடுத்த யோசனை

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'நகமுராயா' என்று ஒரு பேக்கரி. சோமா ஐசோ, அவருடைய மனைவி சோமா கொக்கோ இருவரும் 1901-ல் ஆரம்பித்த கடை. கிரீம் பன்னுக்குப் பேர் போனது. ஓவியர்கள், சிற்பிகள், எழுத்தாளர்கள் என்று எப்போதும் நாலு பேர் வந்து போகிற வீடு.

இந்தியர்களை வெளியேற்றும் செய்தியைப் பேப்பரில் படித்த ஐசோவுக்குத் தாங்கவில்லை. நம்பி வந்தவர்களை எதிரியிடம் பிடித்துக் கொடுப்பதா என்று கோபம். கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பத்திரிகைக்காரரிடம், எங்களைப் போல சாதாரண ஆட்கள் வீட்டில் ஒளித்து வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராதே என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தப் பேச்சு தோயாமா மிட்சுரு காதுக்குப் போனது. தோயாமா ஜப்பானின் தீவிர தேசியவாதத் தலைவர். போலீஸே அவர் வீட்டுக்குள் நுழையத் தயங்கும்.

டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி, விடைபெற்றுப் போகிற சாக்கில் இரண்டு இந்தியர்களும் தோயாமா வீட்டுக்குப் போனார்கள். வாசலில் போலீஸ் காவல். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் அப்படியே இருந்ததால், ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று போலீஸ் நம்பிக் காத்திருந்தது என்பார்கள். அவர்களோ மாறுவேடத்தில் பின்பக்கம் வெளியேறி, காரில் ஏறி நகமுராயாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கடைக்குப் பின்னால் ஓவியர் ஒருவர் பயன்படுத்திக் காலியாக இருந்த ஸ்டூடியோதான் தங்கும் அறை. ஐசோ தன் கடை ஊழியர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். முன்பக்கம் நாள் முழுக்க வாடிக்கையாளர் கூட்டம், பின்பக்கம் நாடே தேடும் ஆள். ஒரு ஊழியர்கூட வாய் திறக்கவில்லை.

விருந்தாளிகளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கொக்கோவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் பேச்சு, தகவல் எல்லாம் அவர் மூலமாகத்தான். எந்த நேரம் போலீஸ் கதவைத் தட்டுமோ என்ற பயத்தோடுதான் அந்த வீடு தூங்கியது. அந்த மன அழுத்தத்தில், பிறந்து கொஞ்ச நாளே ஆன தன் பெண் குழந்தையைக் கொக்கோ பறிகொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அப்போதும் வந்தவர்களைப் போகச் சொல்லவில்லை.

குப்தா இடையிலேயே அங்கிருந்து வெளியேறிவிட்டார். ராஷ் பிஹாரி மட்டும் தங்கினார். இதற்கிடையில் 'தென்யோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை பிரிட்டிஷ் போர்க்கப்பல் மறித்து, அதில் இருந்த இந்தியர்களைப் பிடித்துப் போனது. ஜப்பானில் பிரிட்டனுக்கு எதிராகக் கோபம் கிளம்பியது. சுமார் நான்கு மாதங்களுக்குப் பிறகு, 1916-ல், வெளியேற்றும் உத்தரவு கைவிடப்பட்டது.

விருந்தாளி மருமகன் ஆன கதை

உத்தரவு போனாலும் ஆபத்து போகவில்லை. பிரிட்டன் ஏற்பாடு செய்த துப்பறிவாளர்கள் அவரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். வீடு மாற்றி வீடு மாற்றி ஓட வேண்டியிருந்தது. ஜப்பானியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் பாதுகாப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னார் தோயாமா. சோமா தம்பதியின் மூத்த மகள் தோஷிகோவைக் கேட்டார்.

வெளிநாட்டவரை, அதுவும் தேடப்படும் ஒருவரைக் கட்டிக்கொள்வது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. யோசித்து முடிவு சொல்லும்படி பெற்றோர் மகளிடம் விட்டார்கள். தோஷிகோ சம்மதித்தார். 1918-ல் ரகசியமாகத் திருமணம் நடந்தது. மகன் மசஹிதே 1920-லும், மகள் தெத்சுகோ 1922-லும் பிறந்தார்கள். 1923-ல் ராஷ் பிஹாரிக்கு ஜப்பான் குடியுரிமை கிடைத்தது.

நிம்மதியாக வாழ ஆரம்பித்தபோது அடுத்த அடி. 1925-ல் தோஷிகோ இறந்தார். வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாத்தாவும் பாட்டியும் ஏற்றார்கள். ராஷ் பிஹாரி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கோழிக் குழம்பில் கைம்மாறு

1927-ல் நகமுராயா, கடையோடு சேர்த்து உணவகமும் தொடங்கியது. அங்கே என்ன பரிமாறலாம் என்று பேச்சு வந்தபோது, இந்தியக் கறியைச் சொன்னவர் மருமகன்தான். ஜப்பானில் அப்போது கறி என்றாலே பிரிட்டன் வழியாக வந்த, கோதுமை மாவு போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு. அது எங்கள் ஊர்க் குழம்பே இல்லை என்பது அவர் எண்ணம். எலும்போடு கோழி, மணக்க மணக்க மசாலா என்று சொந்த ஊர்ப் பக்குவத்தில் செய்ய வைத்தார்.

விலை 80 சென். மற்ற கடைகளில் 10, 12 சென்னுக்கே கறி சோறு கிடைத்த காலம் அது. ஆனாலும் கூட்டம் வந்தது. ஷின்ஜுகுவில் இன்றைக்கும் நகமுராயா போனால் அந்தக் கறி கிடைக்கிறது. அவரை 'நகமுராயா போஸ்' என்றே ஜப்பானில் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தனக்குக் கிடைத்த உபசரிப்பை அவர் மற்றவர்களுக்கும் கொடுத்தார். 1930-களில் டோக்கியோவில் இந்திய, ஆசிய மாணவர்களுக்காக 'வில்லா ஏஷியன்ஸ்' என்ற தங்கும் விடுதியை நடத்தினார். ஜப்பானிய மொழியில் பேசவும் எழுதவும் நன்றாகக் கற்று, இந்தியாவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார்.

விருத்தாசலத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர் போன 'செராமிக் டவுன்' விருத்தாசலம், அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. தென்னாற்காடு, வடஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் பக்கங்களில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறின. இரண்டாம் உலகப்போரில் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்கு வந்தபோது, அந்தத் தமிழர்களும் அதன் ஆட்சிக்குக் கீழே வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ராஷ் பிஹாரி மறுபடி முன்னுக்கு வந்தார். 1942 மார்ச்சில் டோக்கியோவிலும் ஜூனில் பாங்காக்கிலும் மாநாடுகள் நடத்தி, இந்திய சுதந்திர லீகின் தலைவரானார். இந்திய தேசிய ராணுவம் அதன் கீழ் வந்தது. தளபதி மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் மோதல் வந்து, அந்த முதல் ராணுவம் அந்த ஆண்டின் முடிவில் கலைந்தது. எஞ்சியதைக் கட்டிக் காத்தவர் ராஷ் பிஹாரி.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு இந்தியருக்கு உயிர் கொடுத்த அதே ஜப்பானின் ராணுவம், மலேயா தோட்டங்களில் இருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனது. 1942-43-ல் காலரா, பட்டினி, அடி உதை என்று அங்கே மடிந்தவர்கள் ஏராளம். 'மரண ரயில்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ராஷ் பிஹாரி ஜப்பானுக்கு மிக நெருக்கமானவர், அதன் கைப்பாவை என்ற சந்தேகம் இந்தியர்கள் சிலரிடமே இருந்தது. ஆசியர்களின் விடுதலை என்று ஜப்பான் பேசியதை நம்பியவர் அவர். கொரியாவிலும் சீனாவிலும் அதே ஜப்பான் ஆதிக்கம் செய்ததை எதிர்த்துப் போதுமான அளவு பேசவில்லை என்ற விமர்சனமும் உண்டு.

நேதாஜி கையில் ஒப்படைத்த தலைமை

1943 ஜூலை 4, சிங்கப்பூர் கேத்தே அரங்கம். கூடியிருந்த இந்தியர்கள் முன்னிலையில், தன்னைவிட 11 வயது சிறியவரான சுபாஷ் சந்திர போஸிடம் லீகின் தலைமையை ஒப்படைத்தார் ராஷ் பிஹாரி. 28 ஆண்டுகள் அந்நிய மண்ணில் இருந்து சேர்த்த அமைப்பு. பதவிச் சண்டை இல்லை, நிபந்தனை இல்லை. தான் ஆலோசகராக ஒதுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மலேயா தோட்டத் தமிழர்கள் அந்தப் படையில் பெருமளவில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி படையில் ரப்பர் பால் எடுத்த தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள்.

சுதந்திரத்தைப் பார்க்காமலே...

உடல்நலம் குன்றியிருந்த ராஷ் பிஹாரி 1945 ஜனவரி 21-ஆம் தேதி டோக்கியோவில் காலமானார். ஜப்பான் அரசு 'உதய சூரியன்' விருது கொடுத்து கௌரவித்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னதும் ஜப்பான் அரசுதான். சில மாதங்களில், ஜப்பான் படையில் இருந்த மகன் மசஹிதே ஒகினாவா போரில் உயிரிழந்தார். இந்தியா விடுதலை பெற இரண்டரை ஆண்டுகள் பாக்கி இருந்தன.

அரசுகள் கணக்குப் பார்த்து ஒருநாள் விரட்டின, ஒருநாள் விருது கொடுத்தன. கணக்கே பார்க்காமல் கதவைத் திறந்தது பன் சுட்டுப் பிழைத்த ஒரு குடும்பம். ஜப்பான் விருந்தோம்பல் என்று யாராவது பேசினால், பாய் விரித்த அறையோடு, ஷின்ஜுகு பேக்கரியின் பின்பக்க அறையையும் நினைத்துக்கொள்ளலாம்.